பத்தனைப் புல்லில் குச்சிப்பூச்சி: வழி தவறி வந்ததா, அங்கேயே வாழ்வதா?

2023 ஜூன் 18 – வாசகர் கேள்வி

வெலிமடைப் பக்கம் எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் மானாப்புல் சரிவில் நேற்று மாலை ஒரு குச்சிப்பூச்சியைப் பார்த்தேன். காய்ந்த புல்லின் நிறம். ஒரு சாண் நீளம் இருக்கும். குச்சிப்பூச்சிகள் ஈரக்காடுகளில் மட்டுமே வாழும் என்றும், இது காற்றில் அடித்து வரப்பட்டிருக்க வேண்டும் என்றும் எனக்கு உயர்தரத்தில் உயிரியல் படிப்பித்த ஆசிரியர் சொல்கிறார். இங்கே ஒரு மாதமாக மழை இல்லை, ஓடையும் வற்றிவிட்டது. இது இங்கே வாழ முடியுமா?

2023 ஜூன் 19

காற்றில் வந்த பூச்சி அல்ல, தம்பி. அந்தச் சரிவே அதன் ஊர்.

இலங்கை மலைநாடு என்றவுடன் நுவரெலியாவின் மூடுபனியும் வட்டவளையின் மழையும் மட்டும் நினைவுக்கு வருவதால்தான் இந்தத் தவறு நேர்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன்னிடமுள்ள நீரையெல்லாம் மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, மத்திய மலைத்தொடரைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது வெறுங்கையோடு வருகிறது. இறங்க இறங்கச் சூடேறி, நிலத்தில் மிஞ்சியிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. நாம் கச்சான் என்று சொல்லும் அந்தக் காற்றுத்தான் ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைத் தருகிறது. அதே காற்றுத்தான் பண்டாரவளை, வெலிமடை, எல்ல மலைகளின் புல்லை வைக்கோலாக்கி வைக்கிறது. பத்தனை என்று நாம் சொல்லும் மலைப் புல்வெளியில் இரண்டு வகை உண்டு. ஹோர்ட்டன் சமவெளியில் இருப்பது ஈரப் பத்தனை. நம்முடையது உலர் பத்தனை. இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

உலகில் குச்சிப்பூச்சியும் இலைப்பூச்சியுமாக 3000-க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பான்மை வெப்பமண்டல ஈரக்காடுகளுக்கு உரியவை என்பது உண்மை. ஆயினும் கோடையில் மழை அரிதான மத்தியதரைக் கடல் கரையோரப் புதர்களில் பாசில்லஸ் ரோசியஸ் என்ற இனம் வாழ்கிறது. கலிபோர்னியாவின் வறண்ட புதர்க்காடுகளில் டைமீமா என்ற சிறு குச்சிப்பூச்சிகள் வாழ்கின்றன. வறட்சி இந்தக் குலத்துக்குப் புதிதல்ல.

நீங்கள் பார்த்தது மெலிந்திருந்தால் ஆணாக இருக்கும். உணவு மானாப்புல்தான், அது அமர்ந்திருந்த இடமே சாட்சி.

2023 ஜூன் 24

ஒரு சாண் என்று எழுதியிருந்தீர்கள். பண்டாரவளைக்கு வெளியே என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவில் இன்று காலை அதே நிறத்துப் பூச்சி ஒன்று கிடைத்தது. அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். தலை முதல் வால் நுனி வரை 9 சென்ரிமீற்றர். முன்னங்கால்களை முன்னால் நீட்டி வைத்திருக்கும்போது அவற்றையும் உடலாகவே கண் கணக்கிட்டுவிடுகிறது. ஒரு சாணாகத் தெரிவது அதனால்தான்.

அந்த முன்னங்கால்களை அருகில் வைத்துப் பாருங்கள். தொடையின் அடிப்பகுதி ஒரு பக்கம் சற்று வளைந்து குழிந்திருக்கும். இரண்டு கால்களையும் சேர்த்து நீட்டும்போது தலை அந்தக் குழிவுக்குள் சரியாகப் பொருந்திக்கொள்கிறது. கண்ணும் வாயும் இருக்கும் இடமே தெரியாமல், ஒரே காம்பாக முடிந்துவிடுகிறது.

2023 ஜூலை 2

19ஆம் திகதி எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. மானாப்புல்தான் உணவு என்று பார்க்காமலே உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

இந்த வாரம் நான்கு இரவுகள் டோர்ச் லைட்டுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொண்டு சரிவுக்குப் போனேன். பகலில் புல்லோடு புல்லாக அசையாமல் கிடக்கும் பூச்சி, இருட்டி ஒரு மணி நேரம் கழித்து நகரத் தொடங்குகிறது. ஓர் அடி வைக்கிறது, பக்கவாட்டில் ஆடுகிறது, நிற்கிறது, பிறகு அடுத்த அடி. காற்றில் புல் ஆடுவது போலவே அந்த ஆட்டமும் இருக்கிறது. நான்கு இரவுகளிலும் நான் பார்த்த ஏழு பூச்சிகளில் ஒன்றுகூடப் புல்லைக் கடிக்கவில்லை. எல்லாம் புல்லின் நடுவே குட்டையாக வளர்ந்திருக்கும் காட்டுக் கொய்யாச் செடிகளுக்கு ஏறின. இலையின் விளிம்பைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழாகத் தலையைக் குனிந்து குனிந்து, அரிவாள் வெட்டியது போன்ற பிறைகளாக அரித்துத் தின்றன. விடிவதற்கு முன் திரும்பவும் புல்லுக்கு இறங்கின.

புல் அதற்கு வீடு, கொய்யா அதற்குச் சோறு. இது சிறிய திருத்தம் அல்ல. புல் மட்டும் இருந்து புதர் இல்லாத சரிவில் இந்தப் பூச்சியைத் தேடினால் கிடைக்காது. முற்றாக டர்பன்டைன் மரம், அதாவது யூக்கலிப்டஸ், நட்ட சரிவிலும் இரண்டு இரவு தேடினேன், ஒன்றும் இல்லை. அவுஸ்திரேலியாவில் யூக்கலிப்டஸ் இலையைத் தின்னும் குச்சிப்பூச்சிகள் பல இருக்கின்றன. நம்முடையவை அந்த மரத்தின் பக்கமே போகவில்லை.

ஹப்புத்தளைக்குக் கீழே தேயிலைத் தோட்ட லயத்தில் இருந்த காலத்தில், கவ்வாத்து மலையிலிருந்து திரும்பும் அம்மாயியின் கூடைச் சாக்கில் இது எப்போதாவது ஒட்டிக்கொண்டு வரும். அதைத் தொட்டால் அதைப் போலவே மெலிந்துபோவாய் என்று எங்களை அதட்டிவிட்டு, தான் மட்டும் இரண்டு விரலால் மெதுவாக எடுத்து வேலியில் விட்டுவிட்டு வருவார். நாங்கள் நசுக்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னார் என்பது அவர் போன பிறகே எனக்கு விளங்கியது.

2023 ஜூலை 3

இது கொழுந்தைத் தின்னுமா, மருந்து அடிக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். தேயிலைச் செடிக்கு நம் நாட்டில் பெரும் சேதம் செய்வது தண்டைத் துளைக்கும் வண்டு. குச்சிப்பூச்சி அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. கும்பிடுபூச்சியோடும் இதைக் குழப்ப வேண்டாம். அது பிற பூச்சிகளைப் பிடித்துத் தின்பது, இது இலையைத் தவிர வேறெதையும் தொடாதது.

2023 ஜூலை 9

தண்ணீர் இல்லாமல் எப்படி என்ற முதல் கேள்விக்கு இன்னும் நேரடியாகப் பதில் எழுதவில்லை.

இந்தக் கேள்விக்கு விடை தேடிய அறிவியலுக்கும் ஒரு தமிழ் மலைக்கும் தொடர்பு இருக்கிறது. உலகெங்கும் பள்ளிகளிலும் ஆய்வுகூடங்களிலும் வளர்க்கப்படும் குச்சிப்பூச்சியான காரோசியஸ் மொரோசஸ், தமிழ்நாட்டின் பழனி மலையில் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரிலிருந்து இயேசு சபைத் துறவிகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. 1901இல் சினெட்டி என்பவர் அதற்குப் பெயரிட்டு விவரித்தார். கேம்பிரிட்ஜில் ராம்சே என்ற உடலியலாளர் 1950களில் பூச்சிகள் சிறுநீரை எப்படி உண்டாக்குகின்றன என்பதை ஆராய்ந்தபோது அவர் எடுத்துக்கொண்ட விலங்குகளுள் முக்கியமானது இதுதான். பூச்சியின் வயிற்றுக்குள் நூல் போல மிதக்கும் மல்பீசியன் குழாய்கள் பொட்டாசியத்தை உள்ளே தள்ளுகின்றன. அதைத் தொடர்ந்து நீரும் கழிவும் உள்ளே வருகின்றன. பிறகு, அந்த நீரை வெளியே விடாமல் மலக்குடல் திரும்பவும் உறிஞ்சிக்கொள்கிறது. கடைசியில் வெளியே விழுவது காய்ந்த ஓர் உருண்டை.

நான் போத்தலில் வைத்திருக்கும் பூச்சியின் எச்சத்தைத் தாளில் கொட்டி விரலால் நசுக்கிப் பார்த்தேன். மிளகுத் தூள் போல உதிர்கிறது. தாளில் ஈரக் கறையே இல்லை. போத்தலில் நான் போட்டது கொய்யா இலை மட்டும்தான். தண்ணீர் தெளிக்கவில்லை. இலையில் உள்ள நீரே அதற்குப் போதும். வெளியே இருப்பவற்றுக்கு விடியற்காலைப் பனித்துளியும் கிடைக்கிறது. ஜூலையில்கூட நம் சரிவுகளில் காலை ஆறு மணிக்கு நடந்தால் காற்சட்டை முழங்கால் வரை நனைந்துவிடும்.

இதோடு, உடலை மூடியிருக்கும் மெழுகுப் பூச்சும், தேவைக்கு மட்டும் திறந்து மூடும் மூச்சுத் துளைகளும் சேர்ந்துவிட்டால், வறட்சி அதற்கு ஒரு பொருட்டே அல்ல என்று எழுதத் தோன்றுகிறது.

2023 ஜூலை 10

நிறத்தைப் பற்றி ஒரு வரி. அந்தப் பழனி மலை இனத்தில், தோலின் உயிரணுக்களுக்குள் நிறத்துகள்கள் மேலும் கீழும் நகர்வதால் பூச்சி இருட்டிலும் ஈரத்திலும் கறுத்து, வெளிச்சத்திலும் உலர்விலும் வெளுக்கிறது. நம் சரிவுப் பூச்சிகளும் இரவில் பழுப்பாகவும் நண்பகலில் வைக்கோலாகவும் தெரிந்ததை, டோர்ச் வெளிச்சத்தின் குறை என்று நினைத்திருந்தேன். கொப்பியில் பகல் நிறத்தையும் இரவு நிறத்தையும் தனித்தனியாகக் குறித்து வருகிறேன்.

2023 ஜூலை 23

வறட்சி ஒரு பொருட்டே அல்ல என்று இரண்டு வாரங்களுக்கு முன் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

இரண்டு பூச்சிகளைத் தனித்தனிப் போத்தல்களில் வைத்திருந்தேன். ஒன்று முழு வளர்ச்சி அடைந்தது. மற்றது சிறகு இல்லாத இந்த இனத்தில் வயது தெரியாமல் நான் வளர்ந்ததாகவே எண்ணிக்கொண்ட, கடைசித் தோலுரிப்புக்குக் காத்திருந்த இளம்பூச்சி. செவ்வாய் இரவு அது மூடித் துணியில் தலைகீழாகத் தொங்கத் தொடங்கியது. முதுகில் தோல் பிளந்தது, தலையும் நெஞ்சும் வெளியே வந்தன. பழைய சட்டையிலிருந்து கால்களை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். நூல் போன்ற உறையிலிருந்து நூல் போன்ற காலை உருவும் வேலை அது. நான்கு கால்கள் வந்துவிட்டன. இடது பக்கத்து இரண்டு கால்கள் மட்டும் உறையோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. நான் ஓடிப்போய்த் தண்ணீர் தெளித்தபோது காலம் கடந்துவிட்டது. இரண்டு மணி நேரம் தொங்கி முயன்றுவிட்டு, அந்த இரண்டு கால்களையும் தொடை மூட்டில் துண்டித்துவிட்டுக் கீழே விழுந்தது.

காலைத் துண்டித்துக்கொள்வது குச்சிப்பூச்சிகளுக்கு இயல்பு. பல்லி வாலை விடுவது போல விட்டுவிடும். அடுத்த தோலுரிப்பில் சிறியதாக மீண்டும் முளைக்கும். ஆனால் இதற்கு அடுத்த தோலுரிப்பு இல்லை. இது இனி நான்கு காலோடுதான் வாழ வேண்டும். போத்தலில் நான் ஈரம் வைக்காததே காரணம். இலையில் உள்ள நீர் போதும் என்று நான் எழுதியது தின்பதற்கும் கழிப்பதற்கும் மட்டும் பொருந்தும். சட்டை உரிப்பதற்குச் சுற்றியுள்ள காற்றிலும் ஈரம் வேண்டும்.

அப்படியானால் சரிவில் இருப்பவை கச்சான் வீசும் ஜூலையில் எப்படித் தோலுரிக்கின்றன என்று கேட்டுக்கொண்டு கொப்பியைப் புரட்டினேன். ஜூன் 24 முதல் நேற்று வரை சரிவில் பார்த்தவை 23. அவற்றில் இளம்பூச்சி இந்த ஒன்றுதான். மற்ற 22 ஏற்கெனவே வளர்ந்து முடிந்தவை. காற்றுக் காலம் வருவதற்குள் அவை தோலுரிப்பை முடித்துவிடுகின்றன. நான் பிடித்தது பின்தங்கிப்போன ஒன்று.

இதைத்தான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். இந்தப் பூச்சி வறட்சியைத் தாங்கிக்கொள்வதாக எழுதியது பாதிதான் சரி. வறட்சி தொடங்கும் முன் ஆபத்தான வேலைகளையெல்லாம் முடித்துக்கொள்கிறது என்பதே சரியான கூற்று.

2023 ஜூலை 30

இன்னொரு திருத்தம். மெலிந்திருப்பதால் ஆண் என்று ஜூன் 19இல் எழுதினேன். போத்தலில் உள்ள இரண்டுமே முட்டையிடுகின்றன. நான்கு கால் பூச்சியும் நேற்று இரவு முதல் முட்டையை இட்டது. கீழே விரித்த செய்தித்தாளில் ‘டிக்’ என்று விழுந்த ஓசையைக் கேட்டுத்தான் எழுந்து பார்த்தேன்.

காரோசியஸ் மொரோசஸ் இனத்தில் ஆண் மிக மிக அரிது. பெண்ணே ஆணின் துணையின்றி முட்டையிட்டு, அவை பெண்களாகவே பொரிக்கும். இதைக் கன்னிப்பிறப்பு என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். என் நான்கு கால் பூச்சி வளர்ந்த நாள் முதல் தனிப் போத்தலில் இருக்கிறது. அதன் முட்டைகளைத் தனியே ஒரு தீப்பெட்டியில் சேர்க்கிறேன். பொரிக்குமா என்று பார்க்க வேண்டும்.

2023 ஓகஸ்ட் 6

முட்டையைப் பூதக்கண்ணாடியில் பார்த்ததை எழுதுகிறேன். 3 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. கடும் பழுப்பு. பார்ப்பவர் எவரும் விதை என்றே சொல்வர். ஒரு முனையில் வட்டமான மூடி. அந்த மூடியின் நடுவே வெளிர் மஞ்சள் நிறத்தில், நகத்தால் சுரண்டினால் உதிர்ந்துவிடக்கூடிய சிறு குமிழ். பக்கவாட்டில் விதைத் தழும்பு போன்ற ஒரு நீள்வட்டக் குறி.

அந்தக் குமிழ் எதற்கு என்பதை நேற்று என் முற்றத்திலேயே பார்த்தேன். முட்டைகளைத் தாளில் எண்ணிக்கொண்டிருந்தபோது ஒன்று உருண்டு சீமெந்துத் தரையில் விழுந்தது. குனிந்து தேடுவதற்குள் ஒரு கட்டெறும்பு அந்தக் குமிழைக் கவ்விக்கொண்டு, முட்டையைத் தலைக்கு மேலே பந்தம் பிடிப்பது போலத் தூக்கிக்கொண்டு நடந்தது. தடுக்கவில்லை. படிக்கல்லுக்கு அடியில் இருந்த துளைக்குள் அது போகும் வரை ஏறத்தாழ பத்து நிமிடம் பின்னாலேயே போனேன்.

சில செடிகளின் விதைகளில் எறும்பைக் கவர்வதற்கென்றே கொழுப்புள்ள ஒரு சதைத்துண்டு இருக்கும். எறும்பு விதையைப் புற்றுக்குக் கொண்டுபோய், துண்டைத் தின்றுவிட்டு விதையை அங்கேயே போட்டுவிடும். குச்சிப்பூச்சி முட்டையின் குமிழும் அதே வேலையைச் செய்கிறது என்பதை அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1992இல் விரிவாக எழுதினார்கள். அந்நாட்டின் எக்ஸ்டாடோசோமா டியாராட்டம் என்ற இனத்தில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. எறும்புப் புற்றில் பொரிக்கும் அதன் குஞ்சு, கறுத்த உடலும் சிவந்த தலையுமாக, அந்த எறும்பைப் போலவே இருக்கும். வாலை வளைத்துக்கொண்டு எறும்பின் வேகத்தில் ஓடிவந்து மரத்தில் ஏறிய பிறகுதான் குச்சிப்பூச்சியின் நிதானத்துக்குத் திரும்பும்.

மண்ணுக்கு மேலே கிடக்கும் முட்டைக்கு எதிரி அதிகம். குச்சிப்பூச்சி முட்டைக்குள் தன் முட்டையை இடுவதையே தொழிலாகக் கொண்ட சிறு குளவிகள் உள்ளன. புற்றுக்குள் போன முட்டை அவற்றிடமிருந்து தப்புகிறது, வெயிலிலிருந்தும் தப்புகிறது.

2023 ஓகஸ்ட் 20

என் சரிவு எரிந்துவிட்டது.

வெள்ளி பிற்பகல் மூன்று மணிக்குக் கீழ்ப்பாதையில் தொடங்கிய தீ, காற்றோடு சேர்ந்து அரை மணி நேரத்துக்குள் உச்சிக்குப் போய்விட்டது. அயலவர்கள் பச்சைக் கொப்புகளை ஒடித்து அடித்து வீட்டுப் பக்கம் வராமல் தடுத்தார்கள். சரிவைக் காப்பாற்ற யாராலும் முடியவில்லை. யார் வைத்தது என்பதை நான் எழுதப்போவதில்லை. ஆண்டுதோறும் இந்த மாதங்களில் யாரோ ஒருவர் வைக்கிறார். பண்டாரவளையிலிருந்து எல்ல வரை கறுத்த மலைகளைப் பார்த்துப் பழகிப்போனதால் அது இயற்கை என்றே நம்பத் தொடங்கிவிட்டோம்.

நேற்று ஏறிப் போனேன். கொய்யாச் செடிகள் கரிக் குச்சிகளாக நிற்கின்றன. புல்லின் அடிக்கட்டைகள் மட்டும் மிச்சம். வளர்ந்த பூச்சிகள் ஓட முடியாதவை, பறக்க முடியாதவை. ஆபத்து வந்தால் அசையாமல் கிடப்பதே அவற்றுக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு. பறவையிடம் பலிக்கும் அந்த உத்தி தீயிடம் பலிக்காது. இரண்டு மாதமாக இரவு இரவாக எண்ணிய பூச்சிகளில் ஒன்றையும் காணவில்லை. எல்லாம் போய்விட்டது. முட்டைகளும் சருகோடு சாம்பலாகியிருக்கும்.

2023 ஓகஸ்ட் 21

எரித்தால்தான் மாட்டுக்குப் புதுப்புல் வரும், பாட்டன் காலத்திலிருந்து செய்வதுதானே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மாடு வைத்திருப்பவரின் கஷ்டம் எனக்குத் தெரியும். என் அப்பாவும் வைத்திருந்தார். புதுப்புல் வருவது உண்மை. ஆனால் வேரோடு பிடித்திருக்கும் மண் தளர்ந்த சரிவில் ஒக்டோபரில் அடிக்கும் முதல் மழை அந்தச் சாம்பலையும் மேல்மண்ணையும் சேர்த்தே வயலுக்கும் ஓடைக்கும் கொண்டுபோகிறது. மூன்றாம், நான்காம் ஆண்டில் வரும் புல்லைப் பாருங்கள். மானா மட்டுமே மிஞ்சும், மாடு விரும்பும் மென்புல் குறைந்துபோகும். மானாவை மாடு இளந்தளிராக இருக்கும்போது மட்டுமே தொடும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எரிப்பதைவிட, தேவையான இடத்தில் புல்லை அறுத்து எடுப்பது மாட்டுக்கும் நல்லது.

2023 செப்டெம்பர் 17

சரிவுக்குச் சிறகில்லாத பூச்சி இனி எங்கிருந்து வரும், அடுத்த மலையிலிருந்து நடந்தா வரும் என்று முதலில் கேள்வி கேட்ட தம்பி கேட்டிருக்கிறார்.

நடந்தும் வரலாம்; ஆண்டுகள் ஆகும். இன்னொரு வழியும் உண்டு. ஜப்பானில் கோபே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் நம் கொண்டைக்குருவியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பறவைக்குக் குச்சிப்பூச்சி முட்டைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில முட்டைகள் எச்சத்தோடு உடையாமல் வெளியே வந்தன. அவற்றுள் ஒரு சில பொரிக்கவும் செய்தன. 2018இல் இது வெளியானது. பெரும்பாலான பூச்சிகளில் இது நடக்காது, ஏனென்றால் முட்டை வெளியே வரும் தறுவாயில்தான் கருவுறும். தாயோடு சேர்த்து விழுங்கப்பட்ட முட்டை வெறும் முட்டையாகவே போகும். ஆணின் துணை தேவைப்படாத குச்சிப்பூச்சிக்கு அந்தத் தடை இல்லை. முட்டை ஓட்டில் கல்சியம் ஒக்சலேற்று படிந்து அதைக் கடினமாக்கியிருப்பதும் உதவுகிறது.

எரிந்த சரிவில் இன்று காலை மூன்று சோடிக் கொண்டைக்குருவிகள் கரிந்த கொய்யாக் கிளைகளில் இருந்தன.

போத்தலில் இருந்த முழுக்கால் பூச்சி ஓகஸ்ட் கடைசியில் இறந்தது. நான்கு கால் பூச்சி 12ஆம் திகதி இறந்தது. தீப்பெட்டியில் 41 முட்டைகள் இருக்கின்றன.

2023 ஒக்டோபர் 15

மழை தொடங்கிவிட்டது. இன்று வேறு எதுவும் எழுதவில்லை.

2023 ஒக்டோபர் 29

முட்டைகளை என்ன செய்கிறேன் என்று கேட்டிருக்கிறார்கள். மழை தொடங்கிய நாள் முதல் தீப்பெட்டியை விட்டு, மணல் பரப்பிய தட்டுக்கு மாற்றி, இரண்டு நாளைக்கு ஒருமுறை மணலின் ஓரத்தில் மட்டும் தண்ணீர் விடுகிறேன். முட்டை மேலே தெளித்தால் பூஞ்சணம் பிடிக்கிறது. முதல் வாரத்தில் ஆறு முட்டைகளை அப்படி இழந்தேன்.

பொறுமை வேண்டும். வட அமெரிக்காவின் டயஃபெரோமெரா ஃபெமொராட்டா என்ற இனத்தின் முட்டைகள் குளிர் பிரதேசத்தில் சருகுக்குள் இரண்டு ஆண்டுகள்கூடக் கிடந்துவிட்டுப் பொரிக்கின்றன. கலிபோர்னியாவின் டைமீமா தன் முட்டைக்கு மண் பூசி இடுகிறது. கோடை முழுவதும் அது மண்ணோடு மண்ணாகக் கிடந்து, குளிர்கால மழைக்குப் பிறகு பொரித்து, இளவேனிலில் வளர்ந்து முடிந்துவிடுகிறது. நம் ஊவாவின் கணக்கும் ஏறத்தாழ அதேதான்: ஐப்பசி, கார்த்திகை மழையில் குஞ்சு, தையிலும் சித்திரை மழையிலும் தோலுரிப்பு, ஆனியில் முழு வளர்ச்சி, காற்று முற்றும் ஆவணியில் தாய் இறந்து, முட்டை மட்டும் நிலத்தில். வருடத்தின் மிகக் கொடிய மாதங்களை இந்த இனம் ஓட்டுக்குள் கழிக்கிறது.

அந்த மாதங்களில்தான் நாம் தீ வைக்கிறோம்.

2023 நவம்பர் 26

இன்று விடியற்காலை தட்டில் இரண்டு குஞ்சுகள். நான்கு கால் பூச்சியின் முட்டைகள்.

ஒன்று முழுதாக வெளியே வந்து தட்டின் விளிம்பில் நின்றது. 12 மில்லிமீற்றர், நூல் துண்டு போல. மற்றது மூடியைத் தள்ளித் திறந்துகொண்டு வந்துகொண்டிருந்தது. முட்டைக்குள் மடிந்து சுருண்டிருந்த உடல், வெளியே வர வர நீண்டுகொண்டே போவதைப் பார்க்கும்போது, அவ்வளவு நீளம் அந்த விதைக்குள் எப்படி இருந்தது என்று நம்ப முடியவில்லை. கடைசியில் ஒரு பின்னங்காலில் வெறும் ஓடு மாட்டிக்கொண்டிருந்தது. அதை இழுத்துக்கொண்டே நான்கு அங்குலம் நடந்து கொய்யாக் கொப்பில் ஏறியது. தொடவில்லை. காற்றில் ஈரம் இருந்ததால் அரை மணி நேரத்தில் அதுவாகவே கழன்றது.

இரண்டுக்கும் ஆறு கால்கள் இருக்கின்றன.

2023 டிசெம்பர் 10

எல்லாம் போய்விட்டது என்று ஓகஸ்ட் 20இல் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

இன்று காலை மழை விட்ட நேரத்தில் சரிவுக்கு ஏறினேன். கரிந்த கொய்யாச் செடிகள் அடியிலிருந்து துளிர்த்து முழங்கால் உயரம் வந்திருக்கின்றன. தீ பட்ட நடுப்பகுதியில், ஓரத்திலிருந்து நாற்பது அடிக்கு மேல் உள்ளே, பாறை வெடிப்பை ஒட்டி ஒரு கட்டெறும்புப் புற்று இருக்கிறது. அதன் வாயிலைச் சுற்றி எறும்புகள் வெளியே கொட்டிய குப்பையில் கைவிரலால் கிளறியபோது, மூடி திறந்த வெற்று ஓடுகள் ஐந்து கிடைத்தன. பூதக்கண்ணாடியில் பார்த்தேன்: அதே பழுப்பு, அதே நீள்வட்டத் தழும்பு. குமிழ் மட்டும் இல்லை.

பக்கத்துக் கொய்யாத் துளிர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். நான்காவது செடியில், சிவந்த இளந்தளிரின் காம்பு ஒன்று மற்றவற்றைவிடச் சற்று நீளமாக இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு கிட்டப் போனேன். முன்னங்கால் இரண்டையும் சேர்த்து நீட்டி, தலையை அவற்றின் குழிவுக்குள் வைத்துக்கொண்டு, பொரித்து ஒரு வாரம்கூட ஆகாத குஞ்சு அசையாமல் இருந்தது. தளிரின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு கடி.